இன்னும் அறுபதாயிரம் ரூபாய்: ஸ்பீக்கருக்கா, சப்வூஃபருக்கா, சுவருக்கா?

வீட்டில் ஏற்கெனவே ஒரு செட் இருக்கிறது. ஐந்து அங்குல வூஃபர் வைத்த புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, 50 வாட் ஸ்டீரியோ ஆம்ப், டிவி, போன். எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்தாயிரம் ஆகியிருக்கும். பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது, ஆனாலும் ஏதோ ஒன்று குறைகிறது. போனஸ் வந்த மாதம் இன்னும் ஒரு அறுபதாயிரம் போடலாம் என்று மனசு சொல்கிறது. "இதுவே நல்லாத்தானே பாடுது, இன்னும் எதுக்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குச் சமாளிப்பாக இல்லாமல் நேராகப் பதில் சொல்ல முடியுமா என்று பார்ப்போம்.

ஒரு கணக்கை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடலாம். "தினமும் ஒன்றரை மணி நேரம், பத்து வருஷம் கேட்டால் மணிக்குப் பதினொரு ரூபாய்தான்" என்பது ஆடியோ பிரியர்கள் எல்லோரும் வீட்டில் சொல்லும் நியாயம். கணக்கில் பிழை இல்லை. ஆனால் இதே கணக்கு ஆறு லட்சத்துக்கும் பொருந்தும். மணிக்கு நூற்றுப் பத்து ரூபாய் என்று முடியும். எந்தச் செலவையும் சரி என்று சொல்கிற கணக்கு, இரண்டில் எது மேல் என்று சொல்லாது. கேட்க வேண்டியது வேறு: கூடுதலாகப் போகும் இந்தப் பணத்தில் காதுக்குத் தெரிகிற மாற்றம் எது, எவ்வளவு?

அதற்கு ஒரு ஹால் வேண்டும். 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. ஒரு 12 அடிச் சுவரில் டிவியும் ஸ்பீக்கரும். எதிர்ச் சுவரோடு ஒட்டிய சோபா. நம் பக்கத்து வீடுகளில் பாதி இப்படித்தான் இருக்கும். கீழே வரும் அறைக் கணக்குகள் எல்லாம் இந்த ஹாலுக்கு உரியவை. உங்கள் அளவைப் போட்டு நீங்களே மாற்றிப் பார்க்கலாம்.

சுவருக்குச் செலவழித்தால்

காலி ஹாலில் கை தட்டினால் 'டங்ங்' என்று இழுக்கிறதே, அந்த இழுப்பு ஒவ்வொரு பாட்டின் மேலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதை அளக்க வாலஸ் சபைன் ஹார்வர்டில் கண்டுபிடித்த சூத்திரம் நூறு வருஷத்துக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். வருவது, ஒலி 60 டெசிபல் அடங்க எடுக்கும் வினாடிகள்.

நம் ஹாலின் கன அளவு சுமார் 47.6 கன மீட்டர். ஆறு பக்கமும் சேர்ந்து 80 சதுர மீட்டர். பூசிய சுவரும் டைல்ஸும் மேலே படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குக்கு மேல் உறிஞ்சாது. மூன்று பங்கு என்றே வைத்தால் உறிஞ்சும் பரப்பு 2.4 சதுர மீட்டர், அடங்க 3.2 வினாடி. சோபா, ஒரு மெல்லிய ஜன்னல் திரை, இரண்டு ஆட்கள் என்று சேர்த்தால் 5.5 சதுர மீட்டர், 1.4 வினாடி. நிதானமாகப் பாட்டு கேட்க அரை வினாடியை ஒட்டி இருப்பது நல்லது. 'பாட்டு வரி புரியவில்லை', 'சத்தம் கூட்டினால் காதைக் கிழிக்கிறது' என்ற புகார்களில் பெரும்பகுதி இந்த 1.4இல் இருந்து வருவதுதான். பாவம், பழி ட்வீட்டர் (மேல் ஸ்வரங்களைப் பாடும் சின்ன ஸ்பீக்கர்) மேல் விழுகிறது.

இதைச் சரிசெய்ய வேண்டியவை: ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே 5க்கு 7 அடியில் கனமான கம்பளம் ஒன்று. ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுத்து மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை. 1000க்கு 600 மில்லிமீட்டர் அளவில் ஆறு ராக் வூல் பலகைகள். கம்பளம் ஒன்று, திரை இரண்டரை, பலகைகள் மூன்றுக்குக் கொஞ்சம் மேல் என்று உறிஞ்சும் பரப்பு கூடி 12 சதுர மீட்டரைத் தாண்டும். 1.4 வினாடி 0.6 ஆகிறது. ஸ்பீக்கரை மாற்றி இப்படி ஒரு மாற்றம் கிடைக்காது.

பலகை செய்வது ஆசாரிக்கு ஒரு நாள் வேலை. 50 மில்லிமீட்டர் கனம், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி உள்ள ராக் வூலை இரண்டிரண்டாக அடுக்கினால் நான்கு அங்குலம். ரீப்பர் கட்டையில் சட்டம். முன்னும் பின்னும் காடா துணி. துணி வாங்கும்போது வாயை வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் காற்று தாராளமாக வர வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கிறதென்று ரெக்ஸின் போட்டால் உள்ளே இருக்கும் பஞ்சுக்கு ட்ரெபிள் போய்ச் சேராது. வெட்டும்போது முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். அந்த நார் தோலில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும். சுவரில் மாட்டும்போது பின்னால் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டால் அதே பஞ்சு இன்னும் கீழ் ஸ்வரங்கள் வரை வேலை செய்யும். ஊருக்கு ஊர் கூலி மாறினாலும், ஆறு பலகைக்கும் பத்துப் பன்னிரண்டாயிரம் என்று மனதில் வைக்கலாம்.

மாட்டும் இடத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். நீங்கள் சோபாவில் உட்காருங்கள். இன்னொருவர் பக்கச் சுவரோடு கண்ணாடியை நகர்த்தட்டும். எந்த இடத்தில் ட்வீட்டர் கண்ணாடியில் தெரிகிறதோ அங்கே ஒரு பலகை. இரண்டு பக்கச் சுவரிலும் இரண்டிரண்டு, சோபாவுக்குப் பின்னால் தலைமட்டத்தில் இரண்டு. ஒரு பக்கம் வாசல் வந்துவிட்டால் அந்தப் பக்கத்துக்குத் திரையே பலகை.

ஆன்லைனில் விற்கும் ஒரு அங்குல ஃபோமை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தப்பு. ஒலி அலையின் கால் நீளத்துக்குக் கனம் இருந்தால்தான் உறிஞ்சுவது முழுமையாக நடக்கும். 25 மில்லிமீட்டர் ஃபோமுக்கு அது 3,500 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு அத்தனை அதிர்வு); அதற்குக் கீழே இறங்க இறங்கப் பலன் குறைந்துகொண்டே போகும். விளைவு, மேல் ஸ்வரங்கள் மட்டும் செத்துப்போய், குரலின் அடிப்பாகமும் பேஸும் பழையபடி முழங்கும். 'ட்ரீட்மென்ட் பண்ணினேன், சவுண்டு செத்துப்போச்சு' என்பவர்கள் செய்தது பெரும்பாலும் இதுதான். தீப்பிடித்தால் சாதாரண ஃபோம் எப்படிப் பரவும் என்பது தனிக் கவலை.

சப்வூஃபருக்குச் செலவழித்தால்

நான்கு அங்குலப் பலகையும் தோற்றுப்போகும் இடம் பேஸ். இங்கே நம் ஹாலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

இரண்டு எதிர்ச் சுவர்களுக்கு நடுவே, அலையின் பாதி நீளம் அறையின் நீளத்தோடு பொருந்தும்போது அந்த ஸ்வரம் மட்டும் தேங்கி நின்று முழங்கும். 30 டிகிரி வெயிலில் ஒலி வினாடிக்கு 349 மீட்டர் போகிறது. 14 அடி என்பது 4.27 மீட்டர். அதை இரட்டித்து வகுத்தால் 41 ஹெர்ட்ஸ். பேஸ் கிதாரின் நான்காவது, அதாவது மிகத் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் வருவது 41.2 ஹெர்ட்ஸ். ஆக, எந்தப் பாட்டில் அந்தத் தந்தி திறந்து அதிர்ந்தாலும் இந்த ஹாலில் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் பொதபொதவென்று வீங்கும். பக்கத்து ஸ்வரங்கள் ஒழுங்காக இருக்கும். மரச் சட்டத்தில் பலகை அடித்துச் சுவர் எழுப்பிய வீடுகளில் சுவரே கொஞ்சம் அதிர்ந்து இந்தச் சக்தியை வெளியே விட்டுவிடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அப்படி விடாது.

சோபா பின்சுவரோடு ஒட்டி இருந்தால் முழக்கம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் தலையை வைத்திருக்கிறீர்கள். தலை சுவரிலிருந்து மூன்று அடி முன்னே வந்தால் அந்த 41 ஹெர்ட்ஸ் சுமார் 2 டெசிபல் இறங்கும். நான்கு அடி என்றால் 4 டெசிபல். ஆனால் மூன்றரை அடியில் இன்னொரு வம்பு: அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸ் அங்கே ஏறக்குறைய காணாமல் போகும். புத்தகக் கணக்குப்படி ஐந்தே கால் அடி முன்னே வருவது இரண்டுக்கும் நடுவான இடம். எந்த வீட்டு ஹாலில் சோபாவை ஐந்தடி முன்னால் இழுத்துப் போட விடுவார்கள்?

ஆகவே வேறு வழிகள். முதலில், சப் (சப்வூஃபர், அதாவது பேஸுக்கென்றே தனிப் பெட்டியாக வரும் ஸ்பீக்கர்) உண்மையில் தேவையா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒலியளவில் 80 ஹெர்ட்ஸிலிருந்து 40க்கு இறங்கினால் கோன் (வூஃபரில் அசையும் கூம்பு) நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். ஐந்து அங்குல வூஃபரின் கோன் பரப்பு 85 சதுர சென்டிமீட்டர் போல இருக்கும். பத்து அங்குல சப்புக்கு 330ஐ ஒட்டி. சின்ன வூஃபர் 40 ஹெர்ட்ஸுக்குத் திணறும்போது, அதே கோனில் வரும் பாடகரின் குரலும் சேர்ந்து குழம்புகிறது. இந்தப் பாரத்தை 80 ஹெர்ட்ஸில் வெட்டி சப்பிடம் கொடுத்தால், பேஸ் கிடைப்பதோடு குரலும் தெளிகிறது. 'சப் என்றால் வெடிச் சத்தத்துக்கு' என்று நினைப்பவர்களுக்கு முதலில் ஆச்சரியம் தருவது இந்தக் குரல்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விலை குறைந்த ஸ்டீரியோ ஆம்ப் பலவற்றில் 'சப் அவுட்' இருக்கும்; ஆனால் அது சப்புக்குப் பேஸை நகல் எடுத்துத் தருமே தவிர, ஸ்பீக்கருக்குப் போகும் பேஸை வெட்டாது. சின்ன வூஃபர் பழையபடி திணறிக்கொண்டே இருக்கும், மேலே சப்பும் சேர்ந்து இரட்டைப் பேஸ். வாங்கும் முன் ஆம்பின் மேனுவலில் ஸ்பீக்கருக்கும் ஹை-பாஸ் (பேஸை வெட்டி மேலே உள்ளதை மட்டும் விடும் வசதி) உண்டா என்று பாருங்கள். ஏவி ரிசீவர்களில் (படத்துக்கும் பாட்டுக்கும் சேர்ந்த பல சேனல் ஆம்ப்) ஸ்பீக்கரை 'ஸ்மால்' என்று குறித்து 80 ஹெர்ட்ஸ் வைத்தால் இது தானாக நடக்கும்.

வைக்கும் இடத்தை இப்படிக் கண்டுபிடிக்கலாம். சப்பைத் தூக்கிச் சோபாவில், உங்கள் இருக்கையிலேயே வையுங்கள். பேஸ் கிதார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சப் நிற்கக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் காதைத் தரையோடு கொண்டுபோய்க் கேளுங்கள். எங்கே எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே சப். பிறகு சப்பில் உள்ள ஃபேஸ் பொத்தானை 0, 180 என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் எதில் சத்தம் கூடுகிறதோ அதில் விடவும். டிவிக்குப் பக்கத்து மூலையில் வைப்பது எளிது, ஆனால் மூலை எல்லா முழக்கத்தையும் ஒரே சமயத்தில் எழுப்பும்.

அறுபதாயிரத்தையும் ஒரே சப்பில் போடுவதா, முப்பதில் இரண்டு வாங்குவதா என்றால் இரண்டு என்பதே எங்கள் கட்சி. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று வைத்தால் இருக்கைக்கு இருக்கை பேஸ் மாறுவது வெகுவாகக் குறையும் என்று காட்டியது. காரணம் எளிது: 41 ஹெர்ட்ஸ் முழக்கத்தில் ஒரு சுவரில் அழுத்தம் ஏறும்போது எதிர்ச் சுவரில் இறங்கும். இரண்டு சப்பும் ஒரே சமயத்தில் தள்ளினால் அந்த ஊஞ்சல் ஆடவே முடியாது. ஹால் ஒரு பக்கம் சாப்பாட்டு அறைக்குத் திறந்திருந்தால் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. அப்போது அளந்துதான் ஆக வேண்டும். ரூம் இகியூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். யூமிக்-1 போன்ற அளவு திருத்திய யுஎஸ்பி மைக் ஒன்று வேண்டும். வீங்கிய இடத்தை ஈக்வலைசரில் குறைக்கலாம். பள்ளமான இடத்தை ஏற்றக் கூடாது. நீங்கள் ஏற்றும் அளவுக்குச் சுவரும் திருப்பி அடித்துக் கழித்துவிடும், ஆம்ப் மட்டும் சூடாகும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 40 ஹெர்ட்ஸ் கான்கிரீட் தளத்தைத் தாண்டிக் கீழ்வீட்டுக்குப் போகும். சப்புக்கு அடியில் ரப்பர் மெத்தை போட்டால் தரை அதிர்வு குறையும், காற்றில் போகும் பேஸ் குறையாது. இரவு பத்து மணிக்கு மேல்தான் பாட்டு கேட்க நேரம் கிடைக்கும் என்றால் சப்புக்குப் போடும் பணம் வீண். அதில் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கலாம்.

ஸ்பீக்கருக்குச் செலவழித்தால்

இருபத்தைந்தாயிரம் ஜோடியை விற்றுவிட்டு எண்பதாயிரம் ஜோடிக்குப் போவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. தப்பில்லை. ஒலிச் சங்கிலியில் கருவிக்குக் கருவி வித்தியாசம் அதிகமாக இருப்பது ஸ்பீக்கரில்தான். ஆனால் வித்தியாசம் விலையோடு ஒழுங்காக ஏறுவதில்லை.

கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் பிறகு ஹார்மனிலும் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை மறைத்து வைத்து, பலரையும் கேட்கச் செய்தார்கள். பெயரும் விலையும் தெரியாதபோது மக்கள் பெரும்பாலும் ஒரே வகையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்: நேர் எதிரே சமமான ஒலி, பக்கவாட்டில் போகப்போக வழுவழுப்பாகக் குறையும் ஒலி. கண்ணால் பார்த்துக் கேட்டபோது தீர்ப்பு மாறியது என்பதையும் 1994இல் எழுதினார்கள். அந்த அளவீட்டு முறை இன்று சிடிஏ-2034 என்ற பெயரில் தரமாக இருக்கிறது. பல மாடல்களுக்கு அந்த வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கடைக்குப் போகுமுன் அதைப் பாருங்கள். பக்கவாட்டுக் கோடு 2,000-3,000 ஹெர்ட்ஸ் அருகே இடுப்பு ஒடுங்கிப் பிறகு வீங்கினால், நம் டைல்ஸ் ஹாலில் அது காதைக் குத்தும். விலை என்னவாக இருந்தாலும்.

காசு கூட்டாமல் கிடைக்கும் மாற்றம் ஒன்றும் உண்டு. ஸ்பீக்கரை ஷோகேஸ் அறைக்குள் தள்ளி வைத்திருந்தால், வெளியே எடுத்துக் காது உயரத்துக்கு ஸ்டாண்டில் வையுங்கள். முன்முகம் சுவரிலிருந்து இரண்டு அடியில் நின்றால் 143 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும். குரலின் கனம் இருக்கும் இடம் அது. பின்னால் துளை உள்ள ஸ்பீக்கர் என்றால் ஐந்தாறு அங்குலமாவது இடம் விட வேண்டும்; முடியாவிட்டால் துளைக்குள் ஒரு காட்டன் சாக்ஸைச் சுருட்டி வைத்துப் பாருங்கள், சிரிக்க வேண்டாம், பல கம்பெனிகள் இதற்கென்றே ஃபோம் அடைப்பான் கொடுக்கின்றன.

பழைய ஸ்பீக்கர் மலிவாக வருகிறது என்றால் கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் லேசாக அழுத்துங்கள். ஃபோம் வளையம் நம் ஊர் ஈரத்தில் பத்துப் பதினைந்து வருஷத்தில் பொடிந்து கையோடு வரும். ரப்பர் வளையம் அதைவிட நிறைய நாள் நிற்கும்.

ஆம்புக்கு

50 வாட்டை 100 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 86 டெசிபல் திறனுள்ள (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் அவ்வளவு சத்தம் தரும்) ஸ்பீக்கர் ஜோடியை ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்து கேட்டால், ஒரு வாட்டுக்கு இருக்கையில் 82, 83 டெசிபல் வரும். சாதாரணமாகக் கேட்கும் 75 டெசிபலுக்கு ஒரு வாட்டில் ஆறில் ஒரு பங்கு போதும். தவிலும் ட்ரம்ஸும் அடிக்கும் நொடியில் அதைவிட 18 டெசிபல் எகிறினாலும் பத்து வாட். மிச்ச நாற்பது வாட் சும்மா நிற்கிறது. ஸ்பீக்கர் 4 ஓம், ஹால் பெரிது, நாலு பேர் ஆடும் அளவுக்குச் சத்தம் வேண்டும் என்றால்தான் ஆம்புக்குப் போக வேண்டும்.

சென்னை ரிச்சி தெரு அசெம்பிள்டு ஆம்ப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிஎம்பிஓ (நொடிநேர உச்சம் என்று விளம்பரத்துக்குப் போடும் வாட்) என்று எழுதிய எண்ணை அப்படியே மறந்துவிடுங்கள், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) மட்டும் கேளுங்கள். டிபிஏ3116 சிப் போட்ட சின்ன போர்டில் '50+50' என்று எழுதியிருக்கும். அது 21 வோல்ட், 4 ஓம், பத்து சதவீதச் சிதைவில் வரும் எண். கடைக்காரர் 12 வோல்ட் அடாப்டரைக் கையில் கொடுத்தால் 8 ஓம் ஸ்பீக்கரில் ஒன்பது வாட்தான். கணக்கு, வோல்ட்டின் வர்க்கத்தை ஓமின் இரட்டிப்பால் வகுப்பது. 24 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை மாற்றினாலே அந்தப் போர்டு வேறு போர்டு.

டாக், வயர், மற்றவை

டாக் என்பது டிஜிட்டல் பாட்டை ஆம்புக்குப் புரியும் மின் அலையாக மாற்றும் கருவி. இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007இல் வெளியிட்ட சோதனையில், உயர்தர டிஸ்க்கின் ஒலியை நேராகவும், சிடி தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். 554 முயற்சியில் சரியான விடை 276. காசு சுண்டிப் பார்ப்பதும் அதுவும் ஒன்று. டாக்கில் இரைச்சலோ போதாத வோல்ட்டோ இல்லாதவரை அங்கே அறுபதாயிரத்துக்கு இடம் இல்லை.

ஸ்பீக்கர் வயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். கட்டட வயரிங்குக்கு வாங்கும் அதே பலகம்பி வயர், சிவப்பும் கறுப்பும். ஐந்து மீட்டர் போய்த் திரும்பினால் 0.08 ஓம், 8 ஓம் ஸ்பீக்கரில் 0.1 டெசிபல்கூட இழப்பு இல்லை. செட்டோடு வரும் 0.5 சதுர மில்லிமீட்டர் நூல் வயர் என்றால் அதே தூரத்துக்கு 0.39 ஓம், 4 ஓம் ஸ்பீக்கரில் 0.8 டெசிபல். அதை மாற்றுவது நியாயம். அதற்கு மேல் நகைக்கடை.

நாற்பதாயிரம் ரூபாய் பவர் கண்டிஷனர் வாங்கச் சொல்லும் 'ம்ம்ம்' என்ற ஹம் பெரும்பாலும் இலவசமாகப் போகும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். போகவில்லையா, கேபிள் டிவி வயரை செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். டிவி, ஆம்ப், பாக்ஸ் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுங்கள். டிவிக்கும் ஆம்புக்கும் நடுவே ஆப்டிகல் கேபிள் போட்டால் மின்தொடர்பே இருக்காது. எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள். ஷாக் அடித்தால் காப்பாற்றுவது அதுதான். கரண்ட் போனால் மட்டும் உறுமல் வருகிறது என்றால் குற்றவாளி ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். சைன் வேவ் இன்வெர்ட்டரில் வராது.

ஆம்போ டாக்கோ வாங்கித்தான் ஆவேன் என்பவர்களுக்கு ஒரு சோதனை. இரண்டையும் மாற்றி மாற்றி இணையுங்கள். 200 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை மெதுவாக ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இரண்டும் ஒரு சதவீதத்துக்குள் ஒன்றாகும்படி வால்யூமைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் கொஞ்சம் சத்தமாக இருப்பது எதுவோ அதுவே ஜெயிக்கும்; கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வீட்டில் ஒருவர் காசு சுண்டி, எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றட்டும். பத்தில் ஒன்பது சரி என்றால் தாராளமாக வாங்குங்கள். ஊகத்தில் அது நூற்றுக்கு ஒரு தடவைதான் நடக்கும். ஐந்தாறு சரி என்றால் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

சவுண்ட் பாருக்கு மாறலாமா

பாட்டைவிடப் படம் அதிகம், வசனம் புரிவதில்லை என்பவர்கள் இதைக் கேட்கிறார்கள். ஒரு மீட்டர் அகலச் சவுண்ட் பார் ஒன்பது அடியில் இருந்து பார்த்தால் 21 டிகிரிக்குள் அடங்கிவிடும். ஸ்டீரியோவுக்கு 60 டிகிரி வேண்டும். பாட்டில் விரிவு போய்விடும். ஆனால் வசனத்துக்குத் தனி நடு ஸ்பீக்கர் உள்ள பார் என்றால் குரலை மட்டும் ஏற்றலாம், அது பெரிய வசதி. கூரையில் அடித்துத் திரும்பும் அட்மாஸ் பார் என்றால் எட்டு முதல் பன்னிரண்டு அடிக்குள் தட்டையான கூரை நல்லது. மேடு பள்ளமான ஃபால்ஸ் சீலிங்கும் நடுவில் சுற்றும் ஃபேனும் அதைச் சிதறடிக்கும். ஏற்கெனவே நல்ல ஜோடி ஸ்பீக்கர் இருப்பவர்கள் ஏவி ரிசீவரும் நடு ஸ்பீக்கரும் சேர்ப்பது மேல். ரிசீவரில் மிக விலையுயர்ந்த மாடலுக்குப் போக வேண்டாம். எச்டிஎம்ஐ பதிப்பு மாற மாற அதன் மறுவிற்பனை விலை சரியும். ஆம்ப் இல்லாத சாதாரண ஸ்பீக்கருக்கு அந்தக் காலாவதி கிடையாது.

அறுபதாயிரத்தை எப்படிப் பிரிப்பது

கம்பளம், திரை, ஆறு பலகைக்கு இருபத்தைந்தாயிரம். மிச்சம் முப்பத்தைந்தில் ஒரு பத்து அங்குல சப், அளவு மைக், ஸ்டாண்ட். ஆம்பில் ஹை-பாஸ் இல்லாவிட்டால் மைக்கைத் தள்ளிப்போட்டு, பழைய ஆம்பை விற்று அந்த வசதி உள்ளதற்கு மாறலாம். இரண்டாவது சப் அடுத்த வருஷம். கீழ்வீட்டார் தொல்லை உள்ள அடுக்குமாடி என்றால் சப்பை விட்டு, அந்தப் பணத்தைப் பழைய ஸ்பீக்கர் விற்ற காசோடு சேர்த்து, வரைபடம் பார்த்துத் தேர்ந்த புது ஜோடி. கேட்பதெல்லாம் 1970களுக்கு முந்திய மோனோ பாட்டுகள் என்றால், அந்தப் பதிவுகளின் அடியில் சப்புக்குப் பெரிதாக வேலை இருக்காது. கம்பளமும் பலகையும் போட்டு, மீதி முப்பத்தைந்தாயிரத்தை வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வாங்கும் வரிசையும் முக்கியம். முதலில் கம்பளமும் திரையும். அவற்றை வீட்டில் யாரும் ஆடியோ செலவு என்று கணக்கு வைக்க மாட்டார்கள். இரண்டு வாரம் கழித்துப் பலகை. அதற்கும் பிறகு ஒரு மாதம் கேட்டுவிட்டு, பேஸ் இன்னும் போதவில்லை என்று தோன்றினால் மட்டும் சப், அதுவும் திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள கடையில். வாடகை வீடு என்றால் பலகைக்குச் சுவரில் இரண்டு துளை போட்டால் போதும். காலி செய்யும் நாளில் கழற்றி வேனில் ஏற்றலாம். ஒரு பலகை எட்டு, ஒன்பது கிலோ வரை போகும், ஆகவே வெறும் ஆணியை நம்பாமல் ராவல் பிளக் போட்டு ஸ்க்ரூ முறுக்குங்கள்.